தும்பு, புரி, வடம்: சிறு சங்கங்கள் பெரிய அமைப்பாவது எப்படி?

தேர்வடத்தைக் கிட்ட நின்று பார்த்திருக்கிறீர்களா? தென்னந்தும்பில் ஓர் இழையை உருவி எடுத்தால் ஏறத்தாழ ஒரு சாண் நீளம் இருக்கும். இரண்டு விரலால் இழுத்தாலே அறுந்துவிடும். அப்படிப்பட்ட இழைகளைச் சேர்த்து ஒரு பக்கமாக முறுக்கினால் அது புரி. இரண்டு மூன்று புரிகளைச் சேர்த்து எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. கயிறுகள் திரண்டால் வடம். மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலையில் ஊர்கூடித் தேர் இழுக்கும் நாளில் எத்தனை நூறு கைகள் வடத்தைப் பிடித்தாலும் அது தாங்குகிறது. ஆனால் அந்த வடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடுகிற தும்பு இழை ஒன்றுகூடக் கிடையாது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சங்கம் இல்லாத ஊர் இல்லை. மரண உதவிச் சங்கம், மாதர் சங்கம், விவசாய அமைப்பு, மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம், கோயில் பரிபாலன சபை, பள்ளிவாசல் நிர்வாகம் என்று ஒவ்வொருவரும் இரண்டு மூன்றிலாவது இருக்கிறோம். "எல்லாரும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் பலம்" என்று ஒவ்வொரு பொதுக்கூட்டத்திலும் யாராவது சொல்கிறார்கள். நானும் இருபது வருடங்களாகச் சங்கங்களின் கூட்டறிக்கைப் புத்தகத்தில் அந்த வாக்கியத்தை எழுதி வருகிறேன். ஆனால் "சேர்வது" என்றால் சரியாக என்ன, எப்படிச் சேர்வது என்று யாரும் விளக்குவதில்லை. அதனால் நல்ல நோக்கத்தோடு சேர்ந்த சங்கங்கள் பல, சேர்ந்ததனாலேயே கலைந்து போனதைப் பார்த்திருக்கிறேன். இந்தக் கட்டுரை அதற்காகத்தான். சங்கங்களுக்குப் புதியவர்களை, முக்கியமாக இப்போதுதான் செயலாளர் பொறுப்பை ஏற்ற இளைஞர்களை, மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

வளர்வது வேறு, இணைவது வேறு

ஒரு சங்கம் பெரிதாக மூன்று வழிகள் உள்ளன. பேச்சில் மூன்றையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறோம்.

முதலாவது, வளர்தல். இருபது பேர் இருந்த சங்கத்தில் அறுபது பேர் சேர்கிறார்கள். அதே சங்கம், அதே தலைவர், அதே கணக்குப் புத்தகம். ஆள்தொகை மட்டும் கூடுகிறது.

இரண்டாவது, ஒன்றாதல். மூன்று சங்கங்கள் தங்கள் பெயர், கணக்கு, நிர்வாக சபை எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரே சங்கமாகின்றன. பழைய சங்கங்கள் அன்றோடு இல்லை.

மூன்றாவது, கூட்டிணைப்பு. மூன்று சங்கங்களும் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஓரிருவரை அனுப்பி, மூன்றுக்கும் பொதுவான வேலைக்காக மேலே இன்னொரு சபையை வைக்கின்றன. நாம் ஒன்றியம் என்றும் சம்மேளனம் என்றும் சொல்வது இதைத்தான். காத்தான்குடியில் பள்ளிவாசல்கள் தத்தமக்கென நிர்வாகத்தை வைத்துக்கொண்டே ஒரு சம்மேளனத்தில் இணைந்திருப்பது இந்த வகை.

தும்பை அள்ளிப் பிசைந்து உருட்டினால் கிடைப்பது உருண்டை. முறுக்கி, பிறகு எதிராக முறுக்கினால் கிடைப்பது கயிறு. உருண்டையால் எதையும் இழுக்க முடியாது.

ஏன் ஒரு சங்கம் பெருத்துக்கொண்டே போக முடியாது?

என் ஊரில் உள்ள ஒரு மரண உதவிச் சங்கத்தின் கதையைச் சொல்கிறேன். ஒரே வீதியைச் சேர்ந்த குடும்பங்கள் தொடங்கியது. ஒரு வீட்டில் துக்கம் என்றால் அடுத்த மணித்தியாலத்துக்குள் கதிரை வரும், தகரப் பந்தல் எழும், தேநீருக்குச் சீனியும் தேயிலையும் வரும். யார் வரவில்லை என்று கணக்கெடுக்க வேண்டிய தேவையே வரவில்லை. வராதவரின் முகம் எல்லோருக்கும் தெரியும், ஏன் வரவில்லை என்பதும் தெரியும். பெயர் பரவியது, பக்கத்து வீதிகளும் சேர்ந்தன. சந்தா கூடியது, கதிரைகள் கூடின, ஒலிபெருக்கி வாங்கினார்கள். பிறகு ஒரு நாள் ஒரு முதியவர் இறந்தபோது, பொருளாளர் அந்த வீட்டுக்கு வழி கேட்டுப் போக வேண்டியிருந்தது. அன்று பந்தல் போடப் பணம் கொடுத்து ஆள் பிடித்தார்கள். சங்கத்தில் பணம் இருந்தது, ஆட்கள் இல்லை.

இதில் யார் மீதும் குற்றமில்லை. அடியில் ஒரு கணக்கு இருக்கிறது.

ஒரு குழுவில் இரண்டு பேர் என்றால் அவர்களுக்கிடையே உறவு ஒன்று. மூன்று பேர் என்றால் மூன்று. பத்துப் பேர் என்றால் 45. இருபது பேர் என்றால் 190. அறுபது பேர் என்றால் 1,770. 150 பேர் என்றால் 11,175. ஆள்தொகை கூடுவதைவிட உறவுகளின் தொகை மிக வேகமாகக் கூடுகிறது. இங்கே உறவு என்பது இரத்த உறவு அன்று. "இவர் சொன்னால் செய்வார், இவருக்கு இந்த வாரம் சுகமில்லை, இவரோடு அவருக்குப் பேச்சில்லை" என்று தெரிந்திருப்பது. சங்கத்தை இயக்குவது இந்தத் தெரிதல்தான். பிரித்தானிய ஆய்வாளர் ரொபின் டன்பார் 1990களில், ஒரு மனிதர் நிலையான உறவு வைத்திருக்கக்கூடியவர்களின் தொகை சுமார் 150 என்று சொன்னார். அந்த எண்ணைப் பற்றி வாதங்கள் உண்டு. ஆனால் ஒரு எல்லை இருக்கிறது என்பதைக் கூட்டம் நடத்திய எவரும் மறுக்கமாட்டார்.

இப்போது அதே 150 பேரைப் பதினைந்து பேர் கொண்ட பத்துக் குழுக்களாக்குங்கள். ஒரு குழுவுக்குள் 105 உறவுகள். பத்துக் குழுவுக்கும் 1,050. ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் மேலே கூடினால் அந்தப் பத்துப் பேருக்கிடையே 45. மொத்தம் 1,095. பதினோராயிரத்துக்கு மேல் இருந்தது ஆயிரத்துச் சொச்சத்துக்கு வந்துவிட்டது. ஒருவரையும் வெளியே விடவில்லை. தும்பு புரியாகி, புரி கயிறாவதன் இலாபம் இந்த வித்தியாசம்தான்.

இதுவரை பார்த்தது: சங்கம் பெரிதாவதற்கு வளர்தல், ஒன்றாதல், கூட்டிணைப்பு என்று மூன்று வழிகள். முதல் இரண்டிலும் ஆள்தொகை ஓர் எல்லையைத் தாண்டும்போது ஒருவரை ஒருவர் அறிந்திருக்கும் தன்மை கரைகிறது. மூன்றாவதில் சிறியது சிறியதாகவே இருக்கிறது.

இணையத் தூண்டுவது எது?

சும்மா இருக்கும் சங்கங்கள் நல்லெண்ணத்துக்காக இணைவதில்லை, இணைந்தாலும் நிலைப்பதில்லை. தனியாகச் செய்து முடிக்க முடியாத ஒரு வேலை குறுக்கே வந்து நிற்க வேண்டும்.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையில் யானைக்குப் போடும் மின்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு ஊரின் எல்லையோடு வேலி முடிவதில்லை, அடுத்த ஊரின் காட்டோரமாகவும் அது போகிறது. ஒரு மாரிகாலத்தில் அப்படியொரு வேலியோரமாக நடந்தேன். நான் நின்ற ஊரின் பகுதி பளிச்சென்று இருந்தது, கம்பிக்குக் கீழே புல்கூட இல்லை. ஆனாலும் கம்பியில் மின்சாரம் வலுவாக இல்லை. கொஞ்சத் தூரம் போனபோதுதான் தெரிந்தது. பக்கத்து ஊர்ப் பகுதியில் கம்பியைச் சுற்றிக் கொடி படர்ந்து, மழையில் நனைந்து, மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. யானை எந்தப் பகுதியால் நுழைந்தாலும், நுழைந்த பிறகு அதற்கு ஊரெல்லை கிடையாது. முதல் ஊர்க்காரர் தங்கள் பகுதியைத் தினமும் துப்புரவு செய்தாலும் பயனில்லை. அடுத்த ஊரோடு பேசியே ஆக வேண்டும்.

வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் இதைவிடச் சிக்கலான விஷயம். மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீட்டர் நீளம். மாரியில் வெள்ளம் ஏறி வயல் மூழ்கும்போது, மணல் திட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடும்படி வேளாண்மை செய்பவர்கள் கேட்பார்கள். வாவியில் வலை வீசுபவர்களுக்கு, நேரம் தவறி வெட்டினால் மீனும் இறாலும் போய்விடும் என்ற கவலை. இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. எந்த ஒரு ஊர்ச் சங்கமும் தனியாக இதைத் தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. வெட்டினால் பாதிக்கப்படுபவர், வெட்டாவிட்டால் பாதிக்கப்படுபவர் எல்லோரும் உட்காரக்கூடிய ஓர் இடம் வேண்டும். பிரச்சினையின் பரப்பு எவ்வளவோ, அதைத் தீர்க்கும் சபையின் பரப்பும் அவ்வளவு இருக்க வேண்டும். பெரிய அமைப்பு தேவையா என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் முதல் பதில் இது: வேலையைப் பாருங்கள், அது எந்த ஊர்வரை போகிறது என்று பாருங்கள்.

பாலமாக நிற்பவர்கள்

தேவை இருந்தால் மட்டும் போதாது. அடுத்த ஊரில் யாரோடு பேசுவது? யாரை நம்புவது?

மருதமுனையில் கைத்தறி நெய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். தறியில் நீளவாக்கில் கட்டியிருப்பது பாவு. குறுக்கே ஓடுவது ஊடை. பாவு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் ஊடை ஓடாவிட்டால் அது துணியாகாது, நூல்களாகவே கிடக்கும். ஒரு குழுவுக்குள் இருக்கும் நெருக்கத்தைச் சமூகவியலில் பிணைப்பு என்கிறார்கள். குழுக்களுக்கு இடையே ஓடும் தொடர்பைப் பாலம் என்கிறார்கள். பிணைப்பு பாவு, பாலம் ஊடை.

ஒரு தகவல் பலருக்கு வியப்பாக இருக்கும்: பாலமாக நிற்க நெருங்கிய நட்பு தேவையில்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973 இல் இதை எடுத்துக்காட்டினார். நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததே. புதிய செய்தியும் புதிய வாய்ப்பும் தூரத்து அறிமுகம் வழியாகவே அதிகம் வருகின்றன. சந்தையில் கண்டு சிரிக்கும் அடுத்த ஊர் மீன் வியாபாரி, இரண்டு ஊர் விளையாட்டுக் கழகத்துக்கும் நடுவராகப் போகும் ஆசிரியர், மூன்று ஊருக்கும் போய்வரும் மருத்துவமாது ஆகியோர் அந்த வகை.

எங்கள் கரையோரத்தில் இந்தப் பாலத்தை நம் முன்னோர் வழக்கமாகவே கட்டிவைத்திருந்தார்கள். குடி முறையைச் சொல்கிறேன். குடி என்பது தாய்வழியில் வரும் குலம். பிள்ளை தாயின் குடியைச் சேரும். ஒரே குடிக்குள் திருமணம் இல்லை. இந்த வழக்கம் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் உண்டு. இப்போது இதன் விளைவை எண்ணிப்பாருங்கள். தகப்பன் ஒரு குடி, தாயும் பிள்ளைகளும் இன்னொரு குடி. ஆகவே ஒவ்வொரு வீடும் இரண்டு குடிகளுக்கு நடுவில் ஒரு பாலம். எந்தக் குடியும் தனக்குள் மட்டும் சுருங்கிக்கொள்ள வழியே இல்லை. குடிகளுக்கிடையே சண்டை வந்தால் இரண்டு பக்கமும் மாமன், மச்சான், மருமகன் என்று ஆட்கள் நிற்பார்கள். அவர்கள்தான் பேசப் போவார்கள்.

இதற்கு மேலே ஒரு தட்டும் உண்டு. கோயிலில் குடிகளின் சார்பில் வண்ணக்கர் நிற்பார். பள்ளிவாசலில் குடிகளின் சார்பில் மரைக்கார் நிற்பார். திருவிழாவில் இன்ன நாள் இன்னாருடையது என்று பொறுப்பு பகிரப்பட்டிருக்கும். அதற்கும் மேலே, ஒரு ஊருக்கு மட்டும் சொந்தமில்லாத, பல ஊர்களுக்கு உரித்தான தேசத்துக் கோயில்கள் உண்டு. கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீஸ்வரர் கோயில் அப்படிப்பட்டது. வீடு, குடி, ஊர், தேசம் என்று தட்டுத்தட்டாக ஏறுகிற அமைப்பு. இந்த முறையில் ஏற்றத்தாழ்வுகள் இருந்தன, இருக்கின்றன. யாருக்கு எந்த உரிமை என்பதில் வழக்குகூட நடந்திருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் சிறியது அழியாமல் பெரியது உருவாகும் பொறிமுறையை நாம் எங்கோ போய்க் கற்க வேண்டியதில்லை, வீட்டிலேயே இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

இதுவரை: தனியாகச் செய்ய முடியாத வேலை ஒன்று இணையத் தூண்டுகிறது. இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்கள் அந்த இணைப்பைச் சாத்தியமாக்குகிறார்கள். இனி, இணைந்த பிறகு அது எப்படி இயங்குகிறது என்று பார்ப்போம்.

பிரதிநிதி: போவது எளிது, திரும்பி வருவதே வேலை

கூட்டிணைப்பின் அச்சாணி பிரதிநிதி. குழுவின் சொல்லை மேலே கொண்டுபோய், மேலே நடந்ததைக் குழுவுக்குத் திருப்பிக் கொண்டுவருபவரே பிரதிநிதி. இதன் இரண்டாவது பாதியை நாம் மறந்துவிடுகிறோம். மேலே போய்ச் சால்வை வாங்கிக்கொண்டு, கீழே வந்து வாயே திறக்காதவர் பிரதிநிதி அல்லர்.

இதற்கு உலகமே எடுத்துப் படித்த ஓர் உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது: கல்லோயா.

கல்லோயாத் திட்டம் 1949 இல் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை கட்டி, சேனநாயக்க சமுத்திரத்தில் நீரைத் தேக்கி, வாய்க்கால்கள் வழியாகக் கீழே அனுப்பினார்கள். முப்பது ஆண்டுகளில் இடதுகரை வாய்க்கால்கள் தூர்ந்தும் உடைந்தும் போயின. வாய்க்காலின் தொடக்கத்தில் உள்ள வயல்களைத் தலைமடை என்றும் கடைசியில் உள்ளவற்றைக் கடைமடை என்றும் சொல்வோம். தலைமடைக்காரர் தேவைக்கு மேலே எடுக்க, கடைமடைக்கு நீர் வருவதே அரிது. தலைமடையில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைமடையில் தமிழ் பேசும் விவசாயிகள். நீர்ப் பிரச்சினை எப்போது வேண்டுமானாலும் இனப் பிரச்சினையாகக்கூடிய நிலை.

1981 இல் கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து அங்கே ஒரு முயற்சியைத் தொடங்கின. பயிற்சி பெற்ற இளைஞர்கள் ஊர்களில் போய்த் தங்கினார்கள். அவர்கள் செய்யாமல் விட்டதைக் கவனியுங்கள்: போன உடனே சங்கம் தொடங்கவில்லை, யாப்பு என்னும் சங்க விதிகளை எழுதவில்லை, தலைவர் தெரிவு நடத்தவில்லை. ஒரு வயல் வாய்க்காலில் நீர் எடுக்கும் விவசாயிகளோடு பேசி, "உங்கள் வாய்க்காலில் என்ன பிரச்சினை, அதை நீங்களே எப்படித் தீர்க்கலாம்?" என்று கேட்டார்கள். அந்த ஆண்டு குளத்தில் நீர் மிகக் குறைவு. விவசாயிகள் சேர்ந்து தூர் வாரினார்கள். முறை வைத்து நீர் எடுத்தார்கள். மிச்சம் பிடித்த நீரைக் கீழே உள்ளவர்களுக்கு விட்டார்கள். வேலை முதலில் வந்தது, அமைப்பு அதன் பின்னால் வந்தது.

அமைப்பும் அடியிலிருந்தே எழுந்தது. ஒரு வயல் வாய்க்காலுக்குப் பத்து முதல் இருபது பேர் கொண்ட ஒரு குழு. அவர்கள் வாக்கெடுப்பு வைக்காமல், பேசி எல்லோரும் இணங்கிய ஒருவரைப் பிரதிநிதியாக்கினார்கள். அந்தப் பிரதிநிதிகள் சேர்ந்து கிளை வாய்க்கால் அமைப்பு. அதற்கு மேலே பிரதேச சபை. அதற்கும் மேலே, விவசாயிகளின் பிரதிநிதிகளும் திணைக்கள அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்காரும் திட்டக் குழு. நான்கு தட்டு. வாய்க்கால் எப்படிக் கிளைத்து இறங்குகிறதோ, அமைப்பு அப்படியே கிளைத்து ஏறியது. நீர் கீழே வருகிறது, சொல் மேலே போகிறது.

வாக்கெடுப்பு வைக்காதது ஏன் முக்கியம்? பதினைந்து பேர் உள்ள குழுவில் எட்டுக்கு ஏழு என்று வெற்றி தோல்வி வந்தால், தோற்ற ஏழு பேர் அந்த வாய்க்காலின் பாதி. அவர்கள் மனமில்லாமல் இருந்தால் தூர் வாருவதும் பாதியில் நிற்கும். சிறிய குழுவில் பேசி முடிப்பதற்கு நேரம் எடுத்தாலும் பிறகு வேலை தடையின்றி நடக்கும்.

கல்லோயாவில் கண்டது நாட்டின் மற்ற நீர்ப்பாசனத் திட்டங்களிலும் விவசாயிகளைப் பங்காளிகளாக்கும் கொள்கைக்கு வழிவிட்டது. இன்று கமநல சேவை நிலையத்தில் பதிவு செய்யும் விவசாய அமைப்புகளுக்கு 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பதிவு என்பது சட்ட உருவம் மட்டும்தான். அடியில் பத்துப் பேர் ஒரு வாய்க்காலைச் சேர்ந்து வெட்டியிருந்தால் அந்தப் பதிவுக்கு உயிர் இருக்கும்.

எது கீழே, எது மேலே?

அமெரிக்க அரசறிவியலாளர் எலினோர் ஒஸ்ட்ரோம், பொருளியலுக்கான நோபல் பரிசை 2009 இல் பெற்றார். அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவர். மேய்ச்சல் நிலம், மீன்பிடி நீர், வாய்க்கால் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே நெடுங்காலம் காத்துவந்த இடங்களை அவர் ஆராய்ந்தார். பெரிய அளவிலான இடங்களில் அவர் கண்ட பொதுப் பண்புகளில் ஒன்று, சிறிய அமைப்புகள் பெரியவற்றுக்குள் அடுக்கடுக்காகப் பொதிந்திருப்பது.

அடுக்குகள் சண்டையில்லாமல் இருக்க ஒரு விதி உதவுகிறது. எந்த முடிவையும், அதை எடுக்கக்கூடிய ஆகக் கீழான தட்டிலேயே எடுக்க வேண்டும். இதைக் கீழ்த்தட்டு முதன்மை என்று சொல்லலாம். என் வாய்க்காலில் இன்று யார் நீர் எடுப்பது என்பதை எங்கள் பதினைந்து பேரும் முடிவு செய்வோம். மதகை எந்த நாளில் திறப்பது என்பதை மேலே உள்ளவர்கள் முடிவு செய்யட்டும். மேல் தட்டு என் வாய்க்காலின் முறையை மாற்றத் தொடங்கினால் நாங்கள் கூட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடுவோம். நாங்கள் தனியே மதகைத் திறந்தால் கடைமடை காயும்.

கூட்டுறவு வரலாறு இதற்கு நல்ல பாடம். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இல் வந்தது. கிராமந்தோறும் சிறு சங்கங்கள் எழுந்தன. 1970களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான சிறு சங்கங்களைச் சில நூறு பெரிய பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்களாக ஒன்றாக்கினார்கள். அதில் இலாபமும் இருந்தது: லொறி, களஞ்சியம், பல கிளைகள். பங்கீட்டு அரிசியும் சீனியும் வாங்க வரிசையில் நின்ற தலைமுறைக்கு அந்தக் கிளைகளின் அருமை தெரியும். ஆனால் ஊர்ச் சங்கம் கிளையாகிவிட்டது. "எங்கள் சங்கம்" என்று சொன்னவர்கள் "சங்கக்கடை" என்று சொல்லத் தொடங்கினார்கள். அந்த ஒரு சொல் மாற்றத்தில் நடந்த மாற்றம் முழுவதும் இருக்கிறது என்பது என் எண்ணம்.

சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் போன பாதை வேறு. சணச என்பது அவற்றின் இயக்கம். 1978 முதல் புத்துயிர் பெற்ற அந்த இயக்கத்தில் ஊர்ச் சங்கம் தன் சேமிப்பையும் கடனையும் தானே பார்த்துக்கொண்டது. அவை மாவட்ட ஒன்றியங்களாகக் கூடின. ஒன்றியங்கள் தேசிய சம்மேளனத்தில் கூடின. ஒரே நாடு, ஒரே கூட்டுறவுக் கொள்கை, இரண்டு விதமான சேர்க்கை: ஒன்று ஒன்றாதல், மற்றது கூட்டிணைப்பு.

மேலிருந்து இறக்கியவை

2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்தில் சங்கங்கள் மழைக்காளான் போல முளைத்தன. உதவி கொண்டுவந்தவர்களுக்கு ஒரு சங்கம் தேவைப்பட்டது. வங்கிக் கணக்கும் தலைவர், செயலாளர், பொருளாளர் ஒப்பமும் கேட்டார்கள். நல்ல மனத்தோடு வந்தவர்கள்தான், உயிரோடு மீண்டவர்களுக்குக் கைகொடுத்தவர்கள்தான். ஒரு முகாமில் நானே ஒரே நாளில் இரண்டு சங்கங்களுக்குக் கூட்டறிக்கை எழுதினேன். இரண்டிலும் ஏறத்தாழ அதே ஆட்கள். திட்டம் முடிந்து வாகனம் போன மாதத்தோடு இரண்டு புத்தகத்திலும் எழுத்து நின்றது. அந்த வெற்றுப் பக்கங்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

அதே காலத்தில், யாரும் சொல்லாமல், மூன்று நான்கு பெண்கள் சேர்ந்து பிடியரிசி சேர்த்த குழு ஒன்று அதே முகாமில் இருந்தது. சமைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து ஒரு தகரத்தில் போடுவார்கள். வாரக் கடைசியில் அதை அளந்து, தேவைப்பட்ட வீட்டுக்குக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் இல்லை, பதிவு இல்லை. வீடு கட்டிக் குடியேறிய பிறகும் அது தொடர்ந்தது. பின்னர் பக்கத்து வீதியில் இன்னொரு தகரம் வந்தது. இரண்டு தகரத்துக்கும் ஒரே அளவுச் சுண்டு வேண்டும் என்று பேச்சு வந்த நாளில்தான் அவர்கள் முதல் முறையாகக் கூட்டம் போட்டார்கள்.

இதுவரை: பிரதிநிதி மேலும் கீழுமாகப் போய்வர வேண்டும். கீழே முடிக்கக்கூடியதைக் கீழேயே முடிக்க வேண்டும். வேலையில்லாமல் மேலிருந்து இறக்கிய சங்கம் நிற்பதில்லை.

இணையப் போகிறவர்கள் முதலில் எழுத வேண்டியது

யாராவது "எங்கள் நான்கு சங்கத்தையும் சேர்க்கப் போகிறோம், யாப்பு எழுதித் தாருங்கள்" என்று கேட்டு வந்தால், நான் பெயர் என்ன, இலச்சினை என்ன என்று கேட்பதில்லை. பொதுவேலை எது என்று கேட்கிறேன். ஒரு வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் இன்னும் ஆறு மாதம் தனித்தனியே இருங்கள் என்கிறேன். பிறகு பணம்: ஒவ்வொரு சங்கமும் மேலே எவ்வளவு கொடுக்கும், மிச்சம் எங்கே இருக்கும்? மிச்சம் கீழேயே இருக்கட்டும் என்பது என் பக்கம். பணம் முழுவதும் மேலே போனால் ஆட்களும் மெல்ல மெல்லக் கீழே வராமல் போவார்கள். பிறகு பிரதிநிதி: திரும்பி வந்து எத்தனை நாளுக்குள் தன் குழுவிடம் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மாற்றுவது எப்படி?

கடைசியாக ஒரு கேள்வி கேட்பேன். ஒரு சங்கம் விலக விரும்பினால் எப்படி விலகும்? இதைக் கேட்டதும் முகம் சுருங்கும். "சேரும்போதே பிரிவதைப் பேசுவதா?" என்பார்கள். கல்யாண வீட்டில் அபசகுனம் சொன்னதுபோல் பார்ப்பார்கள். ஆனால் விலகும் வழி எழுதியிருக்கும் ஒன்றியங்களில் மேலே உள்ளவர்கள் கீழே உள்ளவர்களை மதித்துப் பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். வழி இல்லாத இடங்களில் விலகுபவர்கள் சண்டையோடுதான் விலகினார்கள், கதிரைகளையும் பந்தல் தகரங்களையும் யார் கொண்டுபோவது என்பதில் தொடங்கி.

முன்பு சொன்ன மரண உதவிச் சங்கம் இப்போது வீதிக்கு ஒன்றாகப் பிரிந்து ஐந்து சங்கங்களாக இருக்கிறது. கதிரை, பந்தல், ஒலிபெருக்கி மூன்றும் பொது. அவற்றை வைக்கும் கொட்டிலின் சாவி முறைவைத்து ஒவ்வொரு மாதமும் ஒரு வீதியில் இருக்கும். சந்தா அந்தந்த வீதியில் சேர்கிறது. சென்ற மாதம் எங்கள் வீதியில் ஒரு அம்மா காலமானார். காலையில் செய்தி வந்தபோது சாவி அடுத்த வீதியில் இருந்தது. நான் துவிச்சக்கர வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படுவதற்குள், அந்த வீதிப் பொடியன்கள் கதிரைகளை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு எங்கள் ஒழுங்கை முகப்புக்கே வந்துவிட்டார்கள்.